நான்காம் மூலை

சங்கரன்கோவில்
19.01.2025, ஞாயிறு

மிகவும் அன்புள்ள ஏசுவடியாள் அத்தைக்கு,

ஜாய்லின் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அண்ணன் கிறிஸ்வின் சென்னைக் கல்லூரியில் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஒடிசா மலையில் குளிர் அதிகம் என்றீர்களே, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்காவது கம்பளி கொடுத்தார்களா?

நீங்கள் மாதம் ஒரு தடவை டவருள்ள ஊருக்கு இறங்கிவந்து பேசும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதில் எனக்கு 'நல்லாருக்கேன் அத்தை' என்பதற்குமேல் வாய் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்று நம் வாசுதேவநல்லூர் நிலத்துக்கு ட்ரோன் வந்தது. அப்பா பங்கை வாங்கப் பார்க்கிற சோலார் கம்பெனிக்கு நிலத்தின் படம் வேண்டுமாம். தரகர் நல்லக்கண்ணு மாமாவை உங்களுக்குத் தெரியும், ராயகிரிக்காரர். அவர்தான் தென்காசியில் ஒரு ட்ரோன் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தார். ஓட்டுகிறவர் ஆண் என்று நினைத்திருந்தோம். வந்தது பர்ஹத் அக்கா, கடையநல்லூர். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து யூனிபார்மோடு அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

முதலில் அந்த அக்கா சதுரங்கப் பலகைபோலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பிளக்ஸ் துண்டுகளை விரித்தார். அப்பா ஒவ்வொரு மூலையாகக் காட்டக் காட்ட ஒவ்வொன்று. காற்றில் பறக்காமலிருக்க நான்கு முனையிலும் கல். பிறகு காளான் மாதிரித் தலையுள்ள ஒரு கம்பை அதன் நடுவில் ஊன்றி, அசையாமல் நின்று அளவு எடுத்தார். அதற்குப் பிறகுதான் ட்ரோன். குளவிச் சத்தம். உழுகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரிசையாகப் போய்வந்தது. நல்லக்கண்ணு மாமா சீப்பை எடுத்துத் தலை வாரினார். "மேல இருந்து எடுத்தா வழுக்கதான் தெரியும் அண்ணாச்சி" என்று அக்கா சொன்னதும் சீப்பைப் பைக்குள் போட்டுவிட்டார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பிறகு மீதி நிலத்துக்கு மறுபடியும் பறக்கவிட்டார்கள். சாயங்காலம் திரும்பிவிட்டோம்.

அத்தை, ஒன்று கேட்கிறேன். ரோட்டை ஒட்டிய எழுபது சென்டும் கிணறும் உங்கள் பங்கு என்று எதிலாவது எழுதி இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். மே மாதம் ரிட்டயர் ஆகி வந்து கிணற்றடியில் வீடு கட்டப்போவதாகச் சொன்னீர்களே, அது உறுதிதானே?

பதிலை எங்கள் வீட்டுக்கு எழுத வேண்டாம். என் வகுப்பு ஷமீராவின் வீட்டு முகவரி கீழே இருக்கிறது. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அது ஓடுகிறவரை பேனாச் சத்தம் யாருக்கும் கேட்காது. கரண்ட் போய்விட்டால் நானும் நிறுத்திவிடுவேன்.

உங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள,
ஜாய்லின்


மிஷன் ஆஸ்பத்திரி, ஒடிசா
31.01.2025

என் செல்ல மக்கா ஜாய்லினுக்கு,

அத்தையின் முத்தங்கள். ஆண்டவர் என்னை நடக்கவைக்கிறார், முட்டி மட்டும் அவ்வப்போது மறுத்துப் பேசுகிறது. கம்பளி கொடுத்தார்கள். எலி எனக்கு முன்னால் அதை உபயோகித்திருக்கிறது.

உன் ட்ரோன் கதையை நர்ஸுப் பிள்ளைகளுக்கு இந்தியில் சொன்னேன். பெண்பிள்ளை ஓட்டினாள் என்றதும் கைதட்டினார்கள்.

நீ கேட்டதற்கு: எழுத்து எதற்கு? பட்டா இரண்டு பேர் பேரிலும் கூட்டாக இருக்கிறது. உன் தாத்தா எங்கள் இருவரையும் கிணற்றடியில் நிறுத்தி, "ரோட்டுப்பக்கம் இவளுக்கு, மலைப்பக்கம் அவனுக்கு" என்று கை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான் பாகம். முப்பது வருஷத்தில் நானும் உன் அப்பாவும் ஒரு வரப்புக்குச் சண்டை போட்டதில்லை. மே மாதம் வருவது உறுதி. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டால் எனக்குப் போக வேறு இடம் எது?

அது கிடக்கட்டும். ஷமீரா வீட்டு முகவரி எதற்கு? ஏட்டி, பையன் சமாச்சாரமா? அப்படியானால் பத்தாவது பரீட்சை முடிந்தபிறகு சொல், கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வேன்.

நன்றாகச் சாப்பிடு.

என்றும் உன் மேல் பிரியமுள்ள,
அத்தை


சங்கரன்கோவில்
09.02.2025

அன்புள்ள அத்தைக்கு,

சுகம். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பையன் சமாச்சாரம் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் பர்ஹத் அக்கா லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். நல்லக்கண்ணு மாமாவும் இருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா குடிக்காமல் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, நாலாம் நம்பர் மூல இடிக்கி. காலைல நான் கம்ப ஊனி அளந்த புள்ளி ஒரு எடத்துல இருக்கு. மத்தியானத்துப் போட்டோல பிளக்ஸ் இருவத்தி நாலு மீட்டர் தள்ளிக் கெடக்கு. கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்கு."

அத்தை, இதுதான் எங்களுக்கு யாருக்கும் தெரியாமல் போனது. பிளக்ஸ் கிடக்கிற இடம்தான் மூலை என்று நினைத்திருந்தோம். அது வெறும் அடையாளம்தானாம். கம்பு ஊன்றிய நிமிஷமே மூலையின் இடம் அக்காவின் மெஷினில் பதிந்துவிட்டதாம்.

அப்பா சொன்னார்: "ஆடு மாடு இழுத்துருக்கும்மா."

"ஆடு இழுத்துட்டு நாலு மொனைலயும் திரும்பக் கல்லு வைக்குமா அண்ணாச்சி?"

"படிச்ச ஆடா இருக்கும்" என்று நல்லக்கண்ணு மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவதான். வெளையாட்டுக்கு இழுத்துப் போட்டுருப்பா. ஏட்டி, என்ன முழிக்க? நீதான?"

நான் குனிந்து காபித் தட்டை எடுத்தேன்.

"சரி, அப்பம் காலைல அளந்த புள்ளியவே வச்சிக்கிடுதேன்" என்று அக்கா லேப்டாப்பை மூடப்போனார். அப்பா அவசரமாக, "இல்லம்மா, இவ இழுத்துப் போட்டாலும் சரியான எடத்துலதான் போட்டுருக்கா. காலைல நாந்தான் மாத்திக் காட்டிட்டேன். கோட்ட அதுலயே போடு" என்றார். அக்கா லேப்டாப்பை மறுபடியும் திறந்தார்.

"எல்ல எதுன்னு சொல்லுதது ஒங்க பொறுப்பு. கோடு போடுதது எம் பொறுப்பு. ஆனா காலைல ஒன்னு, இப்பம் ஒன்னு சொல்லுதீங்க. பட்டால பேர் இருக்குத ரெண்டு பேரும் படத்துல கையெழுத்துப் போட்டாத்தான் எங்க கம்பெனி சீல் வைக்கும்."

"அக்காதான? போட்டுருவா" என்றார் அப்பா.

நான்காம் மூலைதான் உங்கள் பங்கும் அப்பா பங்கும் பிரிகிற இடம். அது அங்கே போனால் நடுக்கோடு சாய்கிறது. கிணறும் ரோட்டு வழியும் அப்பா பக்கம் வருகின்றன. உங்களுக்கு ஓடைக்கரைப் பாறைதான் மிஞ்சும். இப்போது இருக்கிறபடி, பாதையும் தண்ணீரும் இல்லாத அப்பா பங்கைச் சோலார் கம்பெனி வாங்காது என்று நல்லக்கண்ணு மாமா பலதடவை சொல்லியிருக்கிறார். அண்ணனை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பப் பணம் வேண்டுமென்று அப்பா ஒரு வருஷமாகத் தூங்குவதில்லை.

பிளக்ஸை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். அதற்குமேல் கேட்காதீர்கள். படம் வந்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் எழுதியதை அப்பாவிடம் போனில் சொல்லிவிடாதீர்கள் அத்தை. தயவுசெய்து.

உங்கள் முட்டிக்கு ஜெபிக்கிறேன்.

ஜாய்லின்


சங்கரன்கோவில்
16.02.2025

அத்தை,

என் இரண்டாவது கடிதம் கிடைப்பதற்குள் நேற்று நீங்கள் போன் செய்துவிட்டீர்கள். அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். நான் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்: "என்னலே மாணிக்கம், கெணறு எம் பங்குலதான இருக்கு? ட்ரோனு தூக்கிட்டுப் போயிரலயே? ஜாய்லின் என்னமோ கேட்டு எழுதியிருந்தா."

நீங்கள் விளையாட்டாகத்தான் கேட்டீர்கள். தெரியும்.

அப்பாவும் சிரித்தார். "அதெல்லாம் பத்திரமா இருக்குக்கா" என்றார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார். நீங்கள் போனை வைத்ததும் சிரிப்பும் நின்றது.

"என்னட்டி எழுதுன?"

"பள்ளிக்கூடத்துல கெணத்தப் பத்திப் ப்ராஜெக்ட் குடுத்தாங்கப்பா."

"பத்தாங் கிளாசுக்குக் கெணத்தப் பத்திப் ப்ராஜெக்டா. எங்க, அந்த நோட்ட எடு பாப்பம்."

பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரீட்ச முடியட்டும். ஒன்ன ஹாஸ்டல்ல தள்ளுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அம்மா அடுப்படியிலிருந்தே, "வாய வச்சிக்கிட்டு சும்மா கெடக்க முடியாதா ஒனக்கு" என்றாள். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குப் படம் வந்துவிட்டது. நாளை ஸ்பீடு போஸ்டில் உங்களுக்கு அனுப்புகிறார். ஸ்பீடு போஸ்டைச் சாதாரணத் தபால் முந்துமா அத்தை?

கரண்ட் போய்வி


சங்கரன்கோவில்
17.02.2025

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி மாணிக்கராஜ் எழுதுவது. தேவ தயவால் குடும்பத்தில் அனைவரும் நலமாயிருக்கிறோம். அதுபோல் உன் சரீர சுகத்தையும் ஆண்டவர் காத்துவருவாராக.

இத்துடன் நம் நிலத்தின் படம் வைத்திருக்கிறேன். ட்ரோன் வைத்து எடுத்தது. அப்பா காலத்தில் கைநீட்டிக் காட்டியதை இப்போது விஞ்ஞான முறையில் கோடாகப் போட்டிருக்கிறார்கள். நமக்குப் பின்னால் பிள்ளைகள் சண்டை போடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் மூன்று இடங்களிலும் உன் கையெழுத்தைப் போட்டு உடனே திருப்பி அனுப்பு. சோலார் கம்பெனிக்காரர்கள் மார்ச் கடைசி வரைதான் காத்திருப்பார்கள்.

நீ வந்ததும் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொள்வோம். கிணற்றடியில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. நம் இடத்தில் நல்ல மேடான பகுதியாகப் பார்த்து நானே நின்று கட்டித் தருகிறேன்.

சின்னவள் பரீட்சைப் பயத்தில் ஏதேதோ கற்பனை செய்கிறாள். உனக்கு எதையாவது எழுதினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அளவு எடுத்த அன்றைக்கும் பிளக்ஸை இழுத்துப்போட்டு விளையாடி எனக்குத் தலைகுனிவை ஏற்படுத்திவிட்டாள்.

உன் ஜெபத்தை நாடும்,
தம்பி மாணிக்கராஜ்


மிஷன் ஆஸ்பத்திரி, ஒடிசா
01.03.2025

பிரியமுள்ள ஜாய்லினுக்கு,

அத்தை எழுதுகிறேன். சுகம்தான்.

உன் அப்பா அனுப்பிய படம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக நேற்று ஜீப்பில் வந்தன. போனில் உன் பெயரைச் சொன்னது என் புத்தி கெட்டதனம். அது முதலில்.

படத்தை மேஜையில் விரித்து ஆபரேஷன் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். மலை ஓடையை ஒரு வெள்ளை நூலாகக் காட்டியிருக்கிறார்கள். புளியமரம் ஒரு பச்சை உருண்டை. கிணறு பேனாவால் குத்தியமாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அது சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நர்ஸுப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் அப்படித்தான் சொன்னாள்.

ஆனால் மக்கா, உன் அப்பா பிறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அம்மாவுக்குச் சன்னி கண்டு படுத்த ஆறு மாதமும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். மடியில் அவன் ஒன்றுக்குப் போக, நான் வாய்ப்பாடு சொல்லியிருக்கிறேன். அவன் நீ விளையாடினாய் என்கிறான். நீ 'யாரோ' என்கிறாய். யாரோ என்றால் யார்? ஒரு தெரியாத ஆளை நம்பி என் தம்பியைத் திருடன் என்று எப்படி நினைப்பேன்?

நான் கையெழுத்துப் போடவில்லையென்றால் ஏன் என்று அவன் கேட்பான். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

அங்கே இருந்தவள் நீ. என்ன நடந்தது என்று எழுது. மார்ச் இருபதாம் தேதி ஜீப் வரும்வரை படத்தை வைத்திருப்பேன். அதற்குமேல் முடியாது.

அத்தை


சங்கரன்கோவில்
10.03.2025

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு வரவில்லை. மன்னியுங்கள்.

பிளக்ஸை நகர்த்தியது நான்தான்.

அன்றைக்கு மத்தியானம் பர்ஹத் அக்காவும் நல்லக்கண்ணு மாமாவும் ரோட்டோரம் வண்டி நிழலில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அப்பா, "மோட்டார் ரூமைப் பாத்துட்டு வாரோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார். மோட்டார் ரூமுக்குப் போகவில்லை. நான்காம் நம்பர் பிளக்ஸ் பக்கத்தில் நின்று, "மக்கா, இத எடுத்துட்டு அந்த ஆவாரஞ்செடிகிட்ட விரி" என்றார். ஏன் என்று கேட்டேன். "காலைல தப்பாக் காட்டிட்டேன்" என்றார்.

அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். தப்பாக இருந்தால் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். "நீங்களே எடுங்கப்பா" என்றேன். "நான் தூக்குனா தூரத்துல இருந்தே தெரியும். நீ சின்னப்பிள்ள, ஒன்ன யாரு என்ன கேக்கப்போறா?" என்றார்.

எடுத்தேன். இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா கூடவே வந்தார். செடிப் பக்கம் போட்டதும் காற்றில் மடங்கியது. நான்தான் பழைய இடத்துக்கு ஓடிப்போய் அந்த நான்கு கற்களையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து முனைக்கு ஒன்றாக வைத்தேன். கல்லை வைக்கச் சொல்லி அப்பா சொல்லவில்லை. அக்கா எப்படி வைத்திருந்தாரோ அப்படியே இருக்கட்டும் என்று நானாகத்தான் வைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது தலைக்குமேல் குளவிச் சத்தம் கேட்டது. மலைக்காற்று ஏறிவிடும் என்று அக்கா பாதிச் சோற்றை மூடிவைத்துவிட்டுப் பறக்கவிட்டிருக்கிறார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஓடிவந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா லேப்டாப்பைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். அப்பாவுக்குத் தெரியாது. முந்தைய கடிதத்தில் இதை நான் எழுதவில்லை. அந்தப் படத்தில் வெள்ளை ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை குனிந்து கல் வைக்கிறாள். பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம். குடை. குடைக்குக் கீழே யார் என்று படத்தில் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படத்தை மாற்றிவிட்டார்.

அதனால் நான் சொல்வதற்குச் சாட்சி கிடையாது. படத்தை யார் பார்த்தாலும் நான் விளையாடியதாகத்தான் நினைப்பார்கள். நீங்களும் அப்படியே நினைத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கையெழுத்துப் போடாதீர்கள்.

'யாரோ' என்று எழுதியது அப்பாவுக்காக மட்டும் இல்லை. மே மாதம் நீங்கள் வந்து என்னைப் பார்க்கும்போது நான் அந்தப் பிள்ளையாக இருக்கக் கூடாது என்றுதான்.

ஜாய்லின்


சங்கரன்கோவில்
30.03.2025

அன்புள்ள அத்தை,

சுகமா? பரீட்சை தொடங்கிவிட்டது. தமிழ் நன்றாக எழுதினேன்.

இருபது நாளாக உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. ஷமீரா என்னைப் பார்த்ததுமே கையை விரிக்கிறாள். அப்பாவும் தினமும் போஸ்ட்மேனை வாசலில் நிறுத்திக் கேட்கிறார். "ஒடிசாலருந்து ஒன்னும் இல்ல அண்ணாச்சி" என்று அவர் சொல்லும்போது எனக்கு மூச்சு வருகிறது, அப்பாவுக்கு மூச்சு போகிறது. நேற்று நல்லக்கண்ணு மாமா வாசலில் நின்றே சத்தம் போட்டார். "கம்பெனிக்காரன் நாளைக்கு வேற எடம் பாத்துட்டுப் போயிருவான் வே. ஒம்ம அக்கா என்ன, கையெழுத்தையா போடுதா, ஆஸ்பத்திரியக் கட்டுதாளா?" அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அப்பா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. காலையில் பரீட்சை ஹாலுக்கு வண்டியில் கொண்டுவிடுகிறார். "எறங்கு" என்கிறார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்களா அத்தை? அதை மட்டுமாவது எழுதுங்கள். போட்டிருந்தாலும் பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் அப்படி இல்லை.

ஜாய்லின்


மிஷன் ஆஸ்பத்திரி, ஒடிசா
03.04.2025

என் மக்கா ஜாய்லினுக்கு,

உன் பரீட்சைகளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே மலேரியாக் காய்ச்சல் அதிகம். பன்னிரண்டு நாள் உட்கார நேரமில்லை. அது பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்கிறேன்.

இருபதாம் தேதி வரை காத்திருப்பதாக எழுதினேன். காத்திருக்கவில்லை. பதினெட்டாம் தேதியே மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கவரை ஒட்டிவிட்டேன். ஒரு கிணற்றுக்காகத் தம்பியைச் சந்தேகிப்பதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இருபதாம் தேதி காலையில் ஜீப் வந்ததும் கவரை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் என் தபாலை வாங்கினேன். அதில் உன் கடிதம்.

வார்டு நடுவில் நின்றபடியே படித்தேன். ஜீப் கிளம்பிவிட்டது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடியதை ஆஸ்பத்திரியே பார்த்தது. இரண்டாவது வளைவில் ஒரு மாடு படுத்திருந்ததால் ஜீப் நின்றது. கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். படம் இப்போது என் பெட்டியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வெட்கமாக இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் 'யார் என்று சொல்' என்று கேட்டவள், பதில் வருவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்று பர்ஹத்துக்கு. படத்தின் மூலையில் அவர்கள் கம்பெனி முகவரி இருந்தது. அன்று காலையில் கம்பு ஊன்றி அளந்த புள்ளியை அழித்துவிடாதே, மே மாதம் இரண்டாவது வாரம் நான் வருகிறேன், இந்த முறை உன்னை வாடகைக்குப் பிடிப்பது நான், என்று. இன்னொன்று உன் அப்பாவுக்கு. "படத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். நேரில் வந்து, நாமிருவரும் மூலைக்கு மூலை நின்று, மறுபடி அளந்தபிறகு பேசுவோம்." அவ்வளவுதான். யார் சொன்னார்கள் என்று அதில் இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை உன்னைக் காட்டிக் கொடுத்தது போதும்.

நீ எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். கவலைப்படாமல் கணக்குப் பரீட்சையை எழுது.

அத்தை


சங்கரன்கோவில்
16.04.2025, புதன்

மிகவும் அன்புள்ள அத்தைக்கு,

இங்கு நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முட்டி ஓட்டத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது? நேற்றோடு பரீட்சை முடிந்தது. இதைப் பகலில், சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. எங்களிடம் காட்டவில்லை. சோலார் கம்பெனி புளியங்குடிப் பக்கம் வேறு இடத்தை முடித்துவிட்டதாக நேற்று நல்லக்கண்ணு மாமா போனில் சொன்னார். அப்பா "சரி" என்று வைத்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"அக்காவுக்கு எழுதுனியா?"

நீங்கள் காட்டிக் கொடுக்கவில்லை. நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ப்ராஜெக்ட் என்று ஒன்று சொன்னதுபோல இன்னொன்று சொல்லியிருக்கலாம்.

"எழுதுனேம்ப்பா."

"என்னன்னு?"

"நடந்தத."

"நீ தூக்கிப் போட்டன்னா?"

"ஆமா. நீங்க போடச் சொன்னீங்கன்னும்."

அம்மா சோற்றுக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். அப்பா தட்டிலேயே கையைக் கழுவினார். என்னை அடிப்பார் என்று நினைத்து நான் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். நான் சுவரோரம் போய் நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது அத்தை. எழுந்து வெளியே போய், வெகுநேரம் கழித்து வந்து படுத்தார்.

இன்று காலையில் அப்பா தன் கடையைத் திறக்கப் போகவில்லை. பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார். "பேப்பர் பேனா எடு. அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதணும். எனக்கு எழுத ஓடல. நான் சொல்லுதேன், நீ எழுது." எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். அது இது:

'அன்புள்ள அக்காவுக்கு, தம்பி மாணிக்கராஜ் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கு ஆண்டவரை வேண்டுகிறேன். அக்கா, அளவெடுத்த அன்றைக்கு மத்தியானம் நான்'

அதோடு நின்றுவிட்டார். நான் பேனாவை எடுக்காமல் காத்திருந்தேன். தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தார். மறுபடியும் "அன்னைக்கு மத்தியானம் நான்" என்றார். அதைத்தான் எழுதிவிட்டேனே என்றேன்.

"மிச்சத்த நான் எழுதட்டுமாப்பா?"

"வேண்டாம்." என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். திரும்பக் கொடுத்தார். "அவ வார அன்னைக்கு ஸ்டேஷனுக்கு நான் போறேன். நேருல நானே சொல்லுதேன். இத இப்பிடியே அனுப்பு."

அனுப்புகிறேன்.

அன்புள்ள,
ஜாய்லின்